ஓரத்தில் ஒட்டிக்கொண்ட சங்கதி

வீட்டுக்கு எந்தச் சாமான் புதிதாக வந்தாலும், அதைத் துடைக்கிற வேலை மட்டும் யாரும் சொல்லாமலேயே நம்மிடம் வந்து சேர்ந்துவிடுகிறது. ரேடியோ வந்த காலத்தில் அதற்குப் பூப்போட்ட உறை தைத்து மாட்டினோம். இழுப்புக் கதவு வைத்த டெலிவிஷன் பெட்டி வந்தபோது, அந்தக் கதவை மடிப்பு மடிப்பாகத் துடைத்தோம். பிறகு மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ்... இப்போது லாப்டாப்! வாங்கப் போகிறவர் கடையில் அரை நாள் நின்று, அது எவ்வளவு, இது எவ்வளவு என்று ஆயிரம் கேள்வி கேட்டு வாங்கி வருகிறார். "இதை எப்படித் துடைக்கிறது?" என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை. துடைக்கப் போகிறவர் அவர் இல்லையே!

திரையின் நடுப்பகுதியைத் துடைப்பதில் பெரிய சங்கடம் ஒன்றும் இல்லை. மூக்குக் கண்ணாடி துடைப்பது மாதிரிதான். தொல்லையெல்லாம் ஓரத்தில். திரையும், அதைச் சுற்றியிருக்கிற கறுப்புச் சட்டமும் சேருகிற இடத்தில் நூல் போல ஓர் இடுக்கு இருக்கிறதல்லவா? வீட்டிலுள்ள அத்தனை தூசி தும்பும் அங்கேதான் போய்க் குடியேறுகிறது. நடுவில் துடைக்கத் துடைக்க ஓரத்தில் சேரும். கூடத்தைப் பெருக்கிக் குப்பையை மூலையில் ஒதுக்கி வைத்த கதைதான். அதிலும் கீழ் ஓரம் இருக்கிறதே, மேலிருந்து உதிர்வதெல்லாம் அங்கே வந்து இறங்கும்.

எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜைதான் மருமகளுக்கு ஆபீஸ். 2020-இல் ஊரடங்கு வந்தபோது, "ரெண்டு வாரம்தான் அத்தை" என்று சொல்லித்தான் அந்த லாப்டாப்பை மேஜையில் வைத்தாள். இன்றைக்கும் வாரத்தில் மூன்று நாள் அங்கேதான் வேலை. காலையில் அதே மேஜையில் இட்லி, பத்து மணிக்கு மீட்டிங், சாயங்காலம் பேத்தியின் ஹோம்வொர்க், ராத்திரி மறுபடி தோசை. பத்தடி தள்ளி அடுப்பு. தாளிக்கிறபோது எழும்புகிற எண்ணெய்ப் புகை சுவரில் மட்டுமா படிகிறது? திரையிலும்தான் மெல்லிய பிசுக்காகப் படிகிறது. அதன்மேல் தூசி வந்து உட்கார்ந்தால் பசை தடவினாற்போல் பிடித்துக்கொள்கிறது.

சென்ற மாதம் அந்த இடுக்கிலிருந்து நாங்கள் எடுத்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். பேத்தி அழித்துத் தள்ளிய ரப்பர் துகள், பென்சில் சீவல், கிரேயான் பொடி, இரண்டு ரவை, ஒரு கடுகு, என் கையிலிருந்து போன கோலமாவு, குழந்தைக்குப் போடுகிற பவுடர், எவர் தலையிலிருந்தோ உதிர்ந்த முடி, போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம். "பலசரக்குக் கடை வெச்சிடலாம் போலிருக்கே அத்தை!" என்றாள் மருமகள்.

"ஓரத்தில் நாலு தூசி இருந்தால் என்ன குடி முழுகிவிடும்?" என்று கேட்பீர்கள். எங்கள் எதிர் வீட்டில் ஏறக்குறைய முழுகித்தான் போயிற்று.

எதிர் வீட்டுப் பெண் சிறு வயசுக்காரி. இரண்டு குழந்தைகள். சாயங்காலங்களில் லாப்டாப் வழியாகப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஹிந்தி சொல்லிக் கொடுக்கிறாள். அந்த லாப்டாப்பும் அவள் டியூஷன் பணத்தில் சேர்த்து வாங்கியதுதான், பழசு. ஒரு நாள் ராத்திரி வகுப்பு முடிந்து வழக்கம்போல் மூடி வைத்திருக்கிறாள். மறுநாள் திறந்தால் கீழ் மூலையில் மசி கொட்டினதுபோல் ஒரு கறுப்புத் திட்டு. அதிலிருந்து சிலந்தி வலை மாதிரி கோடு கோடாக மேலே போகிறது. வீட்டுக்காரர் பார்த்தார். "தினம் தினம் ஈரத் துணி போட்டுத் துடைக்கிறியே, அதான் உள்ளே தண்ணி போயிருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போய்விட்டார்.

"நான் ஈரத் துணியே வைக்கலைம்மா. சத்தியமா வைக்கலை" என்று அந்தப் பெண் என்னிடம் வந்து அழுதாள். திரை போனது ஒரு பக்கம். செய்யாத காரியத்துக்குப் பேர் வாங்கினது ஒரு பக்கம். இரண்டாவதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது என்று எனக்குத் தோன்றியது.

ரிப்பேர் கடைப் பையன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சட்டத்தின் அடியில் ஒரு சின்னக் குழிவைக் காட்டினானாம். கீல் பக்கத்து இடுக்கில் பாதியாக உடைந்த புளியங்கொட்டை! மூத்த பெண் பல்லாங்குழி ஆடியபோது தெறித்து விழுந்திருக்கிறது. மூடி மேலே வந்து அமுக்கியதும் திரையின் கண்ணாடி விரிந்துவிட்டது. திரை மாற்ற ஆறாயிரத்துச் சொச்சம். ஒரு வாரம் வகுப்பு இல்லை. அந்த ஒரு வாரத்தில் இரண்டு பிள்ளைகள் வேறு டியூஷனுக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்காரர் சமாதானமாக ஏதாவது சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. பல்லாங்குழி மட்டும் பரண்மேல் ஏறிவிட்டதாகக் கேள்வி.

விஷயம் இதுதான். நாம் பார்க்கிற திரைக்கு உள்ளே இரண்டு கண்ணாடித் தகடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் கனம்கூடக் கிடையாது. இரண்டுக்கும் நடுவே திரவப் படிகம் என்கிற ஒரு பொருள் மெல்லிய படலமாக இருக்கிறது. கண்ணாடி விரிந்தால் அதுதான் மசி மாதிரி பரவுகிறது. மூடியை மூடும்போது திரைக்கும் எழுத்துப் பலகைக்கும் நடுவே மயிரிழை இடம்தான் மிச்சம். 2020-இல் ஆப்பிள் நிறுவனம் தன் லாப்டாப்களைப் பற்றி ஓர் எச்சரிக்கையே வெளியிட்டது. காமிராவை மறைக்கச் சிலர் மேலே ஒரு மூடி ஒட்டுகிறார்களே, அது 0.1 மில்லிமீட்டரைவிடக் கனமாக இருக்கக் கூடாது, இருந்தால் மூடும்போது திரைக்குச் சேதம் வரலாம் என்று. 0.1 மில்லிமீட்டர் என்பது சாதாரணக் காகிதத்தின் கனம்! அப்படியானால் ஒரு கடுகு எத்தனை மடங்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, ஓரத்தைத் துடைப்பது அழகுக்காக அல்ல. ஆனால் துடைக்கிறேன் என்று நாம் ஆரம்பித்தால் அதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. ஏனென்றால், நாம் சுத்தம் பழகியது வேறு பள்ளிக்கூடத்தில். குத்துவிளக்குக்குப் புளி போட்டு அழுத்தித் தேய்த்தோம். அடிப்பிடித்த பால் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ஊற வைத்துச் சுரண்டினோம். நிலைக்கண்ணாடியைப் பழைய நியூஸ் பேப்பரால் துடைத்தோம். அழுத்து, ஊற்று, சுரண்டு என்கிற இந்த மூன்று பாடமும் இங்கே உதவாது. பளபளப்பில்லாத, மங்கலாகத் தெரிகிற திரைகளில் மேலே இருப்பது கண்ணாடியே அல்ல, பிளாஸ்டிக் படலம். நம் ஊர்த் தூசியில் மணல் கலந்திருக்கிறது. மணல் துகள் கண்ணாடியையே கீறக்கூடிய கடினம் உள்ளது. அதைத் துணிக்கு அடியில் வைத்து அழுத்தித் தேய்த்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான் ஆகும்.

ஓரத்தில் இருப்பதை வெளியே வரவழைக்க வேண்டும், ஒரு போதும் உள்ளே தள்ளக் கூடாது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகவே புரிந்துவிடும். உள்ளே போன துகள் சட்டத்துக்கும் திரைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு வராமல் அடம் பிடிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பேத்தி தூங்குகிற நேரமாகப் பார்த்து நானும் மருமகளும் உட்கார்ந்தோம். அவள் கையில் ஓர் ஊக்கு.

"நுனியால நெம்பினா வந்துடும் அத்தை."

"அதை முதல்ல உன் தாலிச் செயின்லயே மாட்டும்மா" என்றேன். ஊக்கு, பிளேடு, ஹேர்பின், நெயில் கட்டர் என்று இரும்புச் சாமான் எதுவுமே அந்தப் பக்கம் வரக் கூடாது. ஒரு கீறல் விழுந்தால் விழுந்ததுதான். அதுவும் இது ஆபீஸ் லாப்டாப். கையெழுத்துப் போட்டு வாங்கி வந்திருக்கிறாள்.

முதல் காரியமாக லாப்டாப்பை அணைத்தோம். வெறுமனே மூடி வைத்தால் போதாது, முழுக்க அணைக்க வேண்டும். சார்ஜர் வயரையும் எடுத்துவிட்டுச் சூடு ஆறவிட்டோம். திரை கறுப்பாக இருக்கும்போதுதான் தூசி கண்ணுக்குத் தெரியும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படித் திருப்பிப் பாருங்கள். முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரியும். வளையல், மோதிரம் எல்லாம் கழற்றி வைத்துவிட்டோம். கண்ணாடி வளையல் ஓரத்தில் டக்கென்று இடித்தால் போதுமே!

அடுத்ததாக லாப்டாப்பை அகலத் திறந்து, மடித்த துண்டின்மேல் கூடாரம்போல் கவிழ்த்து நிறுத்தினோம். கீல் மேலே, இரண்டு விளிம்புகளும் கீழே. இப்போது திரை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. இடுக்கில் இருப்பது எதுவானாலும் அசைத்தால் வெளியேதான் விழும். நிமிர்த்தி வைத்துக்கொண்டு பிரஷ் போட்டால் அத்தனையும் கீழ் இடுக்குக்கு இறங்கிவிடும். இதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருத்தர் பிடிக்க, ஒருத்தர் தட்ட. பிடிக்கிறவர் மூடியின் முதுகில் உள்ளங்கையைப் பரப்பித் தாங்கிக்கொள்ள வேண்டும். கட்டை விரலால் ஒரே இடத்தில் அழுத்தக் கூடாது.

பிரஷ் என்றால் சித்திரம் தீட்டுகிற மெத்தென்ற புதுப் பிரஷ். பேத்தியின் பெட்டியிலிருந்து தண்ணீர் படாத ஒன்றை எடுத்தோம். முகத்துக்குப் பவுடர் போடும் பிரஷும் ஆகும், ஆனால் உபயோகித்தது ஆகாது. அதில் முகத்து எண்ணெய் ஏறியிருக்கும். மூலையில் ஆரம்பித்து இடுக்கோடு ஒரே போக்காக இழுத்து, கடைசியில் சட்டத்தின் பக்கமாக வெளியே தட்ட வேண்டும். இப்படி நாலு ஓரமும் போட்டதில் ரவை, கடுகு, சீவல், பவுடர் எல்லாம் துண்டின்மேல் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டன. முக்கால் பங்கு வேலை இதிலேயே முடிந்தது.

வாயால் ஊதுகிற பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. ஊதாதீர்கள். எத்தனை ஜாக்கிரதையாக ஊதினாலும் எச்சில் திவலை போய் ஒட்டும். காமிரா வைத்திருக்கிறவர்கள் லென்ஸுக்குக் காற்றடிக்க ரப்பர் பந்து ஒன்று வைத்திருப்பார்கள். அது கிடைத்தால் ரொம்ப விசேஷம்.

பிரஷுக்கு வராத பொடிசுகளுக்கு மருமகள் ஒரு யுக்தி செய்தாள். எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. ஆபீஸில் குறிப்பு எழுதி ஒட்டுவார்களே, ஒட்டிப் பிரிக்கிற ஸ்டிக்கி நோட், அதில் ஒன்றை எடுத்துப் பசை வெளியே தெரியும்படி மடித்தாள். அந்த மடிப்பு முனையை இடுக்கில் லேசாக வைத்து ஓரத்தோடு நகர்த்தினாள். தலைமுடியும் கோலமாவும் அதில் வந்து ஒட்டிக்கொண்டன! பசை இளம் பசையாக இருப்பதால் திரையில் தங்குவதில்லை. அதே வேலைக்குச் செல்லோ டேப்பை எடுத்துவிடாதீர்கள். அதன் பசை இடுக்கில் தங்கிவிட்டால் அடுத்த தூசிக்கு நாமே பாய் விரித்துப் போட்டது போலாகும்.

ரப்பர் துகள் இருக்கிறதே, அதுதான் உயிரை வாங்கியது. பென்சில் டப்பாவில் பிளாஸ்டிக் ஸ்கேலோடு ரப்பர் ஒட்டிக்கொண்டு, பிரித்தெடுத்தால் ஸ்கேலில் பள்ளம் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரப்பரை மெத்தென்று வைத்திருக்கச் சேர்க்கிற சாமான் பிளாஸ்டிக்கை இளக வைத்துவிடுகிறது. ஆகவே ரப்பர் துகளை மாதக்கணக்கில் ஓரத்தில் விட்டுவைப்பது நல்லதல்ல. குழந்தைகள் எழுதி முடித்த அன்றைக்கே தட்டிவிட வேண்டும். நாங்கள் கண்ணாடி துடைக்கிற துணியின் ஒரு முனையை லேசாக நனைத்து, மரப் பல்குச்சியின் நுனியில் ஒரு சுற்றுச் சுற்றி, குச்சியைப் படுத்தாற்போல் வைத்து ஓரத்தோடு மெள்ள நகர்த்தினோம். செங்குத்தாகக் குத்தக் கூடாது. ஒரு நிமிஷம் ஈரம் பட்டால் துகள் இளகும். பிறகு திரளும். திரண்டால் வந்துவிடும். துடைப்பத்து ஈர்க்குச்சி வேண்டாம். அதன் சிம்பு உடைந்து உள்ளே போய்விட்டால் பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான்.

கடைசியில்தான் நடுத் திரை. துணியின் சுத்தமான வேறு பக்கத்தால், கையின் கனம் விழாமல், ஒரே திசையில் துடைத்துவிட்டு, கால் மணி நேரம் திறந்தபடியே உலரவிட்டோம். மொத்தம் முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். இதைத் தினம் செய்ய வேண்டியதில்லை. மாதம் ஒரு முறை போதும். மூடுவதற்கு முன் ஒரு பார்வை பார்ப்பதுதான் தினப்படி வேலை.

இப்போது ஈரத்தைப் பற்றி. எதிர் வீட்டுக்காரர் சொன்னது அந்த இடத்தில் தப்பே தவிர, ஈரம் ஆபத்து என்பது உண்மைதான். திரையின்மேல் நேராக எதையும் தெளிக்கக் கூடாது. தெளித்தது வழிந்து கீழ் ஓரத்துக்கு வரும். பெரும்பாலான லாப்டாப்களில் திரையை இயக்குகிற நுண்ணிய மின் பாகங்கள் அந்தக் கீழ்ச் சட்டத்துக்குப் பின்னால்தான் இருக்கின்றன. துணியைத்தான் நனைக்க வேண்டும். நனைத்து, நன்றாகப் பிழிந்து, புறங்கையில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. இதுதான் பக்குவம். எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். ஆகவே குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீர். காய்ச்சி ஆறவைத்தாலும் உப்பு போகாது என்பதை ஞாபகம் வையுங்கள்.

துணி விஷயத்தில் மூக்குக் கண்ணாடிக் கடையில் கொடுக்கிற மெல்லிய துணிக்கு இணை இல்லை. பழைய வேஷ்டித் துண்டு ஆகாதா என்று கேட்பீர்கள். பஞ்சு மாதிரி நைந்த மல் வேஷ்டி என்றால் ஆகும். கஞ்சி போடாததாக, ஓரத்து இழையும் கரையும் வெட்டியெடுத்ததாக இருக்கட்டும். டிஷ்யூ பேப்பரும் நியூஸ் பேப்பரும் வேண்டவே வேண்டாம்.

அலமாரியில் இருக்கிற பாட்டில்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கிற திரவங்கள் சிலவற்றில் அம்மோனியா இருக்கிறது. அது திரையின் மேல் பூச்சைக் கெடுக்கும். நெயில் பாலிஷ் அழிக்கிற அசிட்டோன் பிளாஸ்டிக் சட்டத்தையே கரைத்துவிடும். பற்பசையில் மெருகேற்றும் நுண்பொடி இருக்கிறது, அது கீறும். எலுமிச்சம்பழம், வினிகர், சமையல் சோடா எல்லாம் சமையலறையோடு நிற்கட்டும். சட்டத்தில் பிசுக்கு ரொம்ப ஏறியிருந்தால் மட்டும், 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் துளி தொட்டுச் சட்டத்தை மட்டும் துடைக்கலாம். திரைக்கு அது ஆகுமா என்பது அந்தந்தக் கம்பெனியின் கையேட்டைப் பொறுத்தது. சில கம்பெனிகள் சம்மதிக்கின்றன, சில கூடாது என்கின்றன. அந்தப் பாட்டில் அடுப்பிலிருந்தும் சுவாமி விளக்கிலிருந்தும் தள்ளி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். அது சட்டென்று பற்றிக்கொள்ளும்.

சுவாமி விளக்கு என்றதும்தான் சந்தனம் ஞாபகம் வருகிறது. சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தோடு லாப்டாப்பையும் அடுக்கி வைத்து, சந்தனம் குங்குமம் இடாத வீடு நம் ஊரில் உண்டா? கல்வியும் அதில், சோறும் அதில். இடத்தான் வேண்டும். ஆனால் எங்கே இடுகிறோம்? திறந்து வைத்துத் திரைக்கு மேலே நடுவில் இட்டால், காய்ந்ததும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து நேரே இடுக்கில் இறங்கும். இருபத்தைந்து வருஷமாகப் பூஜை செய்கிற என் நாத்தனார், "மூடி வெச்சு இட்டா சரஸ்வதிக்கு எப்படித் தெரியும்?" என்று சண்டைக்கு வந்தார். எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டேன். மூடின லாப்டாப்பின்மேல் ஒரு வெற்றிலையை வைத்து அதன்மேல் பொட்டு இட்டோம். மறுநாள் வெற்றிலையை எடுத்தால் பொட்டும் அதோடு வந்துவிட்டது.

குங்குமத்தைப் பற்றி இன்னொன்று. மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரையாது. ஈரத் துணியால் தேய்த்தால் நிறம் பரவுமே தவிரப் போகாது. உலர்ந்த பிரஷால் பொடியைத் தட்டிவிட்டு, பிறகு மேலே சொன்ன ஆல்கஹால் துளியால் சட்டத்தில் இருப்பதை ஒற்றி எடுக்கலாம். துணியில் பட்ட மஞ்சள் கறை வெயிலில் வைத்தால் வெளுக்கும் என்பது நமக்குத் தெரியும். அதற்காக லாப்டாப்பை மொட்டைமாடியில் காய வைத்துவிடாதீர்கள், தாயே! வெயிலின் சூடு பாட்டரிக்கு ஆகாது.

ஓரத்தில் இருப்பதெல்லாம் தூசிதான் என்றும் நினைக்க வேண்டாம். போன ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் பேத்தி ஓடி வந்தாள். "அப்பாயி, அப்பாயி, எறும்பு அம்மாவோட மெயில் படிக்குது!" போய்ப் பார்த்தால் நிஜமாகவே பொடி எறும்பு ஒன்று எழுத்துக்கு நடுவில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. விரலால் தட்டினால் போகவில்லை. ஏனென்றால் அது திரைக்கு வெளியே இல்லை, உள்ளே! ஓரத்து இடுக்கு வழியாக வெளிச்சத்தையும் கதகதப்பையும் தேடிப் போயிருக்கிறது. பிஸ்கட் தூளும் காபிச் சொட்டும் அந்தப் பக்கத்தில் இருந்தால் அழைப்பு வைத்த மாதிரிதான்.

மருமகள் அவசரத்தில் விரலால் நசுக்கப் போனாள். நல்லவேளையாகப் பக்கத்தில் இருந்த என் மகன் கையைப் பிடித்துக்கொண்டான். உள்ளே நசுங்கினால் அது அங்கேயே ஒட்டிக்கொண்டு, கறுப்புப் புள்ளியாகக் காலத்துக்கும் நிற்கும். லாப்டாப்பை அணைத்து, கூடத்து விளக்கையும் அணைத்து, சட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டார்ச்சை மட்டும் எரியவிட்டோம். உள்ளே இருட்டு, வெளியே வெளிச்சம். அரை மணி கழித்துப் பார்த்தபோது எறும்பைக் காணவில்லை. எந்த வழியாக வந்ததோ அந்த வழியாகப் போயிருக்கிறது. எறும்பு மருந்தை அந்தப் பக்கம் அடிக்கக் கூடாது என்று நான் சொல்லத் தேவையில்லை. அது திரைக்கும் கெடுதல், அதே மேஜையில் சாப்பிடுகிற குழந்தைக்கும் கெடுதல்.

சில லாப்டாப்களில் சட்டமே இருக்காது. கண்ணாடி விளிம்பு வரைக்கும் போய், அதைச் சுற்றி மெல்லிய ரப்பர் நாடா ஓடும். மூடியும் அடிப்பாகமும் இடிக்காமல் இருக்கத்தான் அந்த நாடா. அதன் காலடியில்தான் அழுக்கு கறுப்புக் கோடு கட்டும். ஸ்டிக்கி நோட்டும் பிரஷும் இங்கேயும் சரிதான், ஆனால் குச்சியை நாடாவுக்கு அடியில் விடக் கூடாது. ஓரிடத்தில் கிளம்பினால் நூல் பிரிகிற மாதிரி முழுக்க உரிந்துகொண்டு வந்துவிடும். கிளம்பியதை உடனடிப் பசை போட்டு நாமே ஒட்டிவிடலாம் என்று ஆண்பிள்ளைகள் யாராவது கிளம்புவார்கள். தடுத்துவிடுங்கள். அந்தப் பசையின் ஆவி பட்ட இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும்.

இத்தனையும் செய்த பிறகும் ஒன்றிரண்டு துகள் நகராமல் நிற்கலாம். அப்போது நகத்தின் பின்புறத்தால் அந்த இடத்தை மிக லேசாகத் தடவிப் பாருங்கள். நெருடினால் அது மேலே இருக்கிறது. இன்னொரு நாள் நிதானமாக எடுத்துக்கொள்ளலாம். வழவழவென்று இருந்து, கண்ணுக்கு மட்டும் தெரிந்தால் அது உள்ளே போய்விட்டது. அதை எடுக்கச் சட்டத்தைப் பிரிக்க வேண்டும். சட்டம் பொடிப்பொடிப் பிளாஸ்டிக் கொக்கிகளாலும் பசை நாடாவாலும் பிடித்திருக்கிறது. பழகாத கை நெம்பினால் கொக்கி ஒடியும், பிறகு மூடவும் மூடாது, அந்த வழியாக இன்னும் தூசி போகும். கண்ணை உறுத்தாத புள்ளியானால் விட்டுவிடுவதே மேல். உறுத்தினால் கடைக்குப் போகலாம். போவதற்கு முன் உள்ளே இருக்கிற படங்களையும் பாடங்களையும் வேறொன்றில் எடுத்து வைத்துக்கொண்டு, கூலி எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டு, பிரிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். திரையை மாற்ற வேண்டும் என்று சொன்னால் ஏன் என்று காட்டச் சொல்லுங்கள். எதிர் வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் பையன் குழிவைக் காட்டினதால்தானே அவள் பேர் தப்பியது!

ஆபீஸ் லாப்டாப்பானால் வெளிக் கடையே கூடாது. மருமகளின் திரையில் வலது மேல் மூலையில் அப்படி ஒரு புள்ளி இருக்கிறது, கடுகில் பாதி. நெருடவில்லை. நாங்கள் அதைத் தொடவில்லை. ஆபீஸில் இதற்கென்று இருக்கிறவர்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். அடுத்த செவ்வாய்க்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்களாம்.